ஏகல்ஹாஃப் வீட்டு மரத்துக்குத் தலை இல்லை

1

இதை எழுத நான் ஒப்புக்கொண்டது கர்வத்தால். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் உண்டாகி எண்ணூறு ஆண்டு ஆவதை ஒட்டி ஒரு மலர் போடுகிறார்கள். அதில் முதல் கட்டுரை ஊரின் முதல் கிறிஸ்துமஸ் மரத்தைப் பற்றி இருக்க வேண்டும், ஏகல்ஹாஃப் குடும்பத்தார்தான் அதை எழுத வேண்டும் என்று மலரின் ஆசிரியை கைர் அம்மாள் ஆகஸ்டில் தொலைபேசியில் கேட்டார். யோசிக்க இரண்டு நாள் வேண்டும் என்றேன். யோசிக்கவில்லை. இரண்டு நாள் காத்திருந்துவிட்டுச் சரி என்றேன்.

செப்டம்பருக்குள் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். அக்டோபர் பன்னிரண்டாம் தேதி வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு, எதிர் வீட்டில் இருக்கும் என் அக்கா சிபில்லா, பழைய மர மத்து ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். அதற்குப் பிறகு நான் எழுதிய எதுவும் கட்டுரையாக இல்லை. கதையாக இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

ஊர்ப் பெயரை ஹால்டன்பாக் என்று மாற்றியிருக்கிறேன். (இதைப் படித்துவிட்டு என் மனைவி ரோஸ்விதா ஓரத்தில் பென்சிலால் எழுதியது: "ஊர் மலர்ல ஊர்ப் பேரை மாத்துறீங்களே, யாருக்குத் தெரியாம போகப் போகுது?" நியாயமான கேள்வி. ஆனாலும் மாற்றியதை மாற்றவில்லை.)

2

செப்டம்பரில் எழுதிய தொடக்கம் இது:

"1611ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், நெசவாளர் யோஸ்ட் ஏகல்ஹாஃப் முழங்கால் அளவு பனியில் தனியாகக் காட்டுக்கு நடந்தார். ஊசியிலை மரம் ஒன்றைத் தேர்ந்து வெட்டினார். வீட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தியதும் அதன் உச்சியைப் பார்த்தார். வானத்தை நோக்கி விரல் நீட்டும் உரிமை எந்த மரத்துக்கும் இல்லை என்று சொல்லி உச்சியை வெட்டினார். அன்று முதல்"

அன்று முதல் எங்கள் வீட்டு மரத்துக்குத் தலை கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் வீட்டின் மூத்த ஆண் உச்சியில் ஒரு சாண் நீளத்தை வெட்டி, அன்றே அடுப்பில் போடுவான். மற்ற வீடுகளில் நட்சத்திரமோ தேவதையோ இருக்கும் இடத்தில் எங்களுக்கு வெட்டுவாய் மட்டும் இருக்கும். சிறுவயதில் அடுத்தவர் வீட்டு மரங்களைப் பார்த்தால், தொப்பியைக் கழற்றாமல் உள்ளே வந்துவிட்ட விருந்தாளிகளைப் பார்ப்பதுபோல் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

யோஸ்டின் அந்த முதல் மரத்தின் தண்டு எங்களிடம் இருக்கிறது. பட்டை உரித்து, கிளை செதுக்கி, ஆள் உயரத் தடியாக எங்கள் கூடத்துக் கதவுக்கு மேலே இரண்டு கொக்கிகளில் கிடக்கிறது. அடிமுனையில் 1611 என்று செதுக்கியிருக்கிறது. மேல்முனையில் பித்தளைப் பூண் போட்டிருக்கிறது. பூணை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

டிசம்பர் இருபத்தாறு, ஸ்தேவான் திருநாள் அன்று எங்கள் ஊரில் மரம் புகழப் போவோம். கூட்டமாக வீடு வீடாகப் போக வேண்டும். மரம் கோணலோ, ஊசி உதிர்ந்து எலும்பாக நிற்கிறதோ, பார்த்தவுடன் "அழகான மரம்!" என்று சொல்ல வேண்டும். சொன்னவருக்குப் பேரிக்காய்ச் சாராயம் ஒரு சிறு கோப்பை. ஊர்வலம் தொடங்குவது எங்கள் வீட்டில். முதல் மரம் எங்களுடையது என்பதால் அந்த மரியாதை. எந்த வீட்டில் முடியும் என்பது யாருக்கும் நினைவிருந்ததில்லை.

எங்கள் கூடத்தில் மட்டும், "தலை இல்லாட்டியும் அழகான மரம்!" என்பார்கள். அப்பா நிமிர்ந்து நின்று, "தலை இல்லாததாலதான்" என்பார். அவர் போனபிறகு நான் சொல்கிறேன்.

(ரோஸ்விதா: "நிமிர்ந்து நின்னுதான்.")

3

"கிறிஸ்துமஸ் மரம் முதலில் எங்கே தோன்றியது என்பதில் அறிஞர்களிடையே"

இந்தப் பத்தியை நான்கு முறை தொடங்கி நான்கு முறையும் விட்டுவிட்டேன். பால்டிக் கடற்கரையில் இரண்டு நகரங்கள் முதல் மரம் தங்களுடையது என்று இன்றும் மல்லுக்கு நிற்கின்றன. ஆல்சாஸ்காரர்கள் தங்களிடம்தான் பழைய ஆவணம் இருக்கிறது என்கிறார்கள். சீர்திருத்தக் குருவானவர் ஒருவர் காட்டில் நட்சத்திரங்களைப் பார்த்து மனம் உருகி, வீட்டுக்கு வந்து மரத்தில் மெழுகுவத்தி ஏற்றினார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். ஆதாரம் கேட்டால் ஒருவரிடமும் இல்லை.

ஒன்றைக் கவனித்தேன். பழைய ஏடுகளில் மரம் வரும் இடத்தில் கூடவே ஒரு தடையோ புகாரோ வருகிறது. இத்தனை அடிக்கு மேல் வெட்டாதே, காட்டுக்குக் காவல் போடு, இப்படி. மரத்தை வைத்து மகிழ்ந்தவர்கள் எழுதி வைக்கவில்லை. மரத்தைப் பறிகொடுத்தவர்கள்தான் எழுதியிருக்கிறார்கள்.

இதைச் செப்டம்பரில் எழுதியபோது வேடிக்கையாக இருந்தது. இப்போது இல்லை.

4

அக்காவைப் பற்றி எழுத வேண்டும். இதைத் தவிர்க்க முடியுமா என்று ஒரு வாரம் பார்த்தேன்.

நாங்கள் சீர்திருத்த சபையார். எதிரே இருக்கும் ரெம்போல்ட் குடும்பம் கத்தோலிக்கர். எங்கள் ஊரில் இரு சபைக்கும் ஒரே கோயில்தான். அவர்களுக்கு எட்டரை மணி, எங்களுக்குப் பத்து மணி. 1971இல் சிபில்லா ஆன்டன் ரெம்போல்டைக் கட்டிக்கொண்டாள். அப்பா, இனி இந்தப் படி ஏறாதே என்றார். அவள் ஏறவில்லை. 1988இல் அப்பா போனார். நான் கூப்பிடவில்லை, அவளும் வரவில்லை. யார் கேட்டாலும், "மதப் பிரச்சினை" என்று சொல்லி முடித்துவிடுவேன். எங்கள் ஊரில் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள்.

இரண்டு வாசலுக்கும் இடையே நாற்பத்தொரு அடி வைத்தால் போதும். முப்பத்தெட்டு ஆண்டு நில அளவையில் இருந்தவன், சரியாகத்தான் சொல்கிறேன். சனிக்கிழமைகளில் அவள் தன் வாசலிலிருந்து பெருக்கிக்கொண்டு வருவாள், நான் என் வாசலிலிருந்து. நடுவில் நிறுத்திக்கொள்வோம். ஞாயிறன்று அவள் பூசை முடிந்து கோயிலிலிருந்து வெளியே வரும்போது நான் உள்ளே போவேன்.

"பனி விழுது."

"ஆமா."

அவ்வளவுதான் பேச்சு. ஐம்பத்திரண்டு ஆண்டுப் பேச்சையும் சேர்த்தால் ஒரு வானிலை அறிக்கை தேறும்.

அப்படிப்பட்டவள் அந்த வியாழக்கிழமை படிக்குக் கீழே நின்று மணி அடித்தாள். அக்காவுக்கு எழுபத்தொன்பது வயது, என்னைவிட மூன்று கூட. ஆன்டன் இந்த வசந்தத்தில்தான் இறந்திருந்தார்.

"உள்ள வரலையா?" என்றேன்.

"கூப்பிட்டியா?"

அவள் துணியைப் பிரித்தாள்.

"இது என்ன?"

"மத்து. மாவு கலக்குறது, முட்டை அடிக்கிறது. உங்க வீட்டுல பாத்திருக்க மாட்டே."

குத்தல் புரிந்தது. எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸ் முடிந்ததும் மரத்தின் உச்சியை வெட்டி மத்து செய்வார்கள். உச்சியில் ஒரே கணுவிலிருந்து நான்கைந்து கிளை சுற்றிலும் விரியும். அவற்றை விரல் நீளத்துக்கு நறுக்கி, பட்டை உரித்துத் தலைகீழாகப் பிடித்தால் மத்து. ஊரில் எல்லா அடுப்பங்கரையிலும் இருக்கும். எங்கள் வீட்டில் இருக்காது. எங்கள் தலைதான் அடுப்புக்குப் போய்விடுமே.

"ரெம்போல்ட் வீட்டுல நானூறு வருஷமா அடுப்புக்கு மேல தொங்குது. ஒரு முட்டை அடிச்சதில்ல. கைப்பிடியைப் பாரு. டேய், கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாரு."

சூட்டுக்கோலால் எழுதியிருந்தது: 1611.

"அதுக்கு என்ன?"

"உன் மரத்தோட தலை இது, பல்தசார். தடியை எடுத்து வச்சுப் பாரு."

சொல்லிவிட்டு நாற்பத்தொரு அடியும் திரும்பி நடந்தாள். மத்து என் கையில் இருந்தது.

5

இங்கே கொஞ்சம் கணக்கு சொல்ல வேண்டும். நாள்காட்டிக் கணக்குதான்.

அந்தக் காலத்தில் போப்பாண்டவர் நாள்காட்டியைத் திருத்திப் பத்து நாளை நீக்கித் தேதியை முன்னே நகர்த்தினார். எங்கள் ஊர்க் கத்தோலிக்கர் உடனே ஏற்றார்கள். எங்கள் முன்னோர், போப் சொல்லிச் சூரியன் உதிக்குமா என்று நூறு ஆண்டுக்கு மேல் மறுத்தார்கள். அதனால் ஒரே தெருவில் இரண்டு தேதி, ஒரே கோயிலில் இரண்டு கிறிஸ்துமஸ். ரெம்போல்ட் வீட்டில் வாத்து வறுபடும்போது எங்கள் வீட்டில் இன்னும் பத்து நாள் பார்லிக் கஞ்சி. இதைச் சின்ன வயதில் நகைச்சுவையாகக் கேட்டிருக்கிறேன்.

இப்போது கணக்கைப் பாருங்கள். யோஸ்ட் மரம் வைத்தது எங்கள் கணக்கில் 1611 டிசம்பர் இருபத்துநான்கு. அன்று எதிர் வீட்டில் 1612 பிறந்து மூன்று நாள் ஆகிவிட்டது. எங்கள் மரத்தின் தலையை அவர்கள் எடுத்து மத்து செய்திருந்தால் அதில் 1612 என்று இருக்க வேண்டும். மத்தில் இருப்பது 1611. ஆகவே, மத்தும் தடியும் ஒரே மரம் என்றால், மரம் முதலில் அவர்களிடம் இருந்திருக்கிறது. தலை போனபிறகு எங்களிடம் வந்திருக்கிறது.

ஒரே மரம் என்றால்.

என் வேலையில் எல்லைக்கல் தகராறு வந்தால் இரண்டு வீட்டுக்காரர்களையும் விலகச் சொல்லிவிட்டு அளப்பேன். இப்போது விலகச் சொல்ல ஆள் இல்லை. நானே ஒரு வீட்டுக்காரன்.

6

ஆனால் கத்தோலிக்க வீட்டில் மரம் எப்படி வந்தது? பாட்டன் காலம் வரை அவர்கள் மரம் வைத்ததில்லை. குடில்தான். எங்களை "மர மதத்துக்காரங்க" என்று கேலி செய்தவர்கள் அவர்கள். இதைப் பிடித்துக்கொண்டு ஒரு முழு நாள் நிம்மதியாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் அக்காவிடம் வானிலை சொல்லாமல் இதைச் சொன்னேன்.

"அது நாடக மரம்டா," என்றாள். "இருபத்துநாலாம் தேதி ஆதாம் ஏவாள் நாள் இல்லையா? கோயில்ல ஏதேன் தோட்டம் நாடகம் போடுவாங்க. பனிக்காலத்துல பச்சையா என்ன மரம் கிடைக்கும்? ஊசியிலை மரத்துல ஆப்பிளைக் கட்டி நிறுத்துனாங்க. ரெம்போல்ட் கிழவன்தான் பாம்பு வேஷம். நாடகம் முடிஞ்சதும் மரத்தை வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து, பொண்டாட்டிக்கு ஒரு மத்து வெட்டிக் கொடுத்துட்டு, மிச்சத்தைச் சுவரோரம் போட்டான்."

"இதெல்லாம் எழுதியிருக்கா?"

"உங்க யோஸ்ட் காட்டுக்குப் போனது எழுதியிருக்கா?"

இல்லை. முழங்கால் அளவு பனியும் நான் போட்டதுதான். யோஸ்ட் தனியாக நடந்தார் என்றும் யாரும் சொன்னதில்லை. நெசவாளருக்குக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் காட்டுக்குப் போக நேரம் எங்கே இருந்திருக்கும்? இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே வருகிறது. இன்னொரு மாதிரி எழுதிப் பார்க்கிறேன். அவர் மனைவி அப்பொலோனியாவுக்குக் குடும்பக் கதையில் ஒரு வரிகூடக் கிடையாது. அவளை அனுப்பிப் பார்க்கிறேன்.

அப்பொலோனியா கதவைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"என்னடி இது?"

"மரம்."

"யார் வீட்டு மரம்?"

"யார் வீட்டதும் இல்ல. சுவரோரமா கெடந்துச்சு."

"ரெம்போல்ட் சுவரா?"

"சுவருக்கு எந்தச் சபைன்னு நான் கேக்கல. ரெண்டு ஆப்பிள் இன்னும் தொங்குது பாருங்க. இத நடுக்கூடத்துல நிறுத்துனா எவ்வளவு பச்சையா இருக்கும்! பத்து நாளா கஞ்சியைப் பாத்துப் பாத்துக் கண்ணு வெளுத்துப்போச்சு."

"தலை எங்கடி?"

"தலைய வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

பிறகு பக்கத்து வீட்டுக்காரர் வருகிறார். கூடத்தில் நிற்கும் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றுகிறார். அழகா இருக்கே, தலை எங்கே என்று கேட்கிறார். அப்பொலோனியா வாயைத் திறப்பதற்குள் யோஸ்ட் நிமிர்ந்து நிற்கிறார். வானத்தை நோக்கி விரல் நீட்டும் உரிமை எந்த மரத்துக்கும்

இங்கே நிறுத்திவிட்டேன். அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன். சொல்லுக்குச் சொல் அதையே. என்னைத் தூங்கவிடாமல் செய்வது இதுதான்.

(ரோஸ்விதா: "அப்பொலோனியாவை எனக்குப் பிடிச்சிருக்கு. அவளை எடுத்துடாதீங்க.")

7

அந்த ஞாயிறு பேச்சில் பாதியைத்தான் சொன்னேன். மீதி இது.

"இத்தனை வருஷம் விட்டுட்டு இப்ப ஏன் கொண்டு வந்தே?" என்று கேட்டேன்.

"கொண்டு வந்தேனே."

"எப்ப?"

"கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடி. அவங்க அடுப்பங்கரையைக் காட்டக் கூட்டிட்டுப் போனாங்க. மத்தைப் பாத்தேன். விளையாட்டாத்தான் எடுத்துட்டு வந்து அப்பாகிட்ட குடுத்தேன். அப்பா, நம்ம மரத்தோட தலை எதிர் வீட்டுல இருக்குன்னு சொல்லிச் சிரிச்சேன். அப்பா தடியை இறக்கி, ஜன்னல் பக்கமா போயி, முனையில வச்சுப் பாத்தார்."

"பொருந்துச்சா?"

"எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னார். முதுகைத்தான் பாத்தேன். ரொம்ப நேரம். அப்புறம் மத்தை என் கையில குடுத்துட்டு, 'நீ போகலாம்'னார். உள்ள போறதைச் சொல்றார்னு நெனச்சேன்."

"மதப் பிரச்சினைன்னு..."

"மதம்னா நிச்சயதார்த்தத்தன்னிக்கே சொல்லியிருக்க மாட்டாரா? ஆன்டன் தோள்ல கை போட்டுக்கிட்டுப் பாட்டுப் பாடினாரே. நீயும்தான் கூடப் பாடினே."

பாடினேன். அது நினைவிருக்கிறது. எப்படி மறந்திருந்தேன் என்று தெரியவில்லை.

இன்னொன்றும் நினைவிருக்கிறது. அதே வாரம் அப்பா பட்டறையில் பித்தளைத் தகட்டை வட்டமாக வளைத்துக்கொண்டிருந்தார். எனக்கு இருபத்துநாலு வயது. "முனை உளுத்துடும், பூண் போடணும்," என்றார். நான்கு சிறிய ஆணிகள். அவர் அடிக்கும்போது தடி உருளாமல் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்.

அந்த முனையை நான் பார்த்திருப்பேன். பூண் ஏறுவதற்கு முன் ஒரு கணமாவது என் கண்ணுக்கு எதிரே இருந்திருக்கும். எத்தனையோ முறை கண்ணை மூடிப் பார்த்துவிட்டேன். அப்பாவின் வாயில் இருந்த மூன்று ஆணிகள் தெரிகின்றன. சுத்தியல் தெரிகிறது. முனை தெரியவில்லை.

கோயில் மணி அடித்தது. உள்ளே போக வேண்டிய நேரம். அக்கா கையுறையைப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"எனக்கு எழுபத்தொன்பது ஆச்சு. ஸ்தேவான் நாளுக்கு எல்லாரோடயும் வர்றேன். ஆனா பொய்யாப் புகழ மாட்டேன், பல்தசார். தலையோட நின்னா உள்ள வந்து அழகான மரம்னு சொல்றேன். தலையை வெட்டியிருந்தே, வாசலோட திரும்பிடுவேன். ஊரே பாக்கும். எனக்கு அதுல ஒண்ணும் இல்ல. பழகிப்போச்சு."

8

முடிவுகள்.

முதல் முடிவு: பூணைக் கழற்றுகிறேன். மத்து பொருந்துகிறது. ஆண்டு வளையத்துக்கு ஆண்டு வளையம். அப்படியானால் அப்பா அறிந்திருந்தார். குடும்பத்தின் பெயரைக் காக்கப் பெண்ணை வெளியே நிறுத்தி, பழியை மதத்தின்மேல் போட்டார். நான் முப்பத்தைந்து ஆண்டு அதே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கைர் அம்மாள் வேறு கட்டுரையாளரைத் தேட வேண்டும். ஊர்வலம் எதிர் வீட்டிலிருந்து தொடங்கும்.

இரண்டாம் முடிவு: பொருந்தவில்லை. எங்கள் மரம் எங்கள் மரம்தான். மத்து வேறு ஏதோ மரத்தின் தலை. இந்த முடிவை மகிழ்ச்சியோடு எழுத உட்கார்ந்தேன். ஐந்தாவது வரியில் ஒன்று உறைத்தது. பொருந்தவில்லை என்றால் அப்பா ஏன் சிபில்லாவிடம் திரும்பி, "பாரு, பொருந்தலை" என்று சிரிக்கவில்லை? பொருந்தாத மத்துக்காகப் பெண்ணை அனுப்பினாரா? கேட்டதற்காக மட்டுமா? குடும்பப் பெயர் பிழைக்கும் இந்த முடிவில்தான் அப்பா எனக்கு இன்னும் மோசமாகத் தெரிகிறார்.

மூன்றாம் முடிவு: அப்பாவுக்கே விளங்கவில்லை. வயதான மரம், காய்ந்து சுருங்கியிருக்கும். பொருந்துவது போலவும் இருந்திருக்கும், பொருந்தாதது போலவும். ஜன்னல் ஓரமாக ரொம்ப நேரம் நின்றது அதனால்தானோ என்னவோ. குழம்பிப்போன மனிதர் செய்வதைச் செய்தார்: மூடிவிட்டு

(ரோஸ்விதா: "இது அப்பாவைப் பத்தி எழுதினதா, உங்களைப் பத்தியா?")

9

போன செவ்வாய்க்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு தடியை இறக்கினேன். சமையலறை மேசையில் செய்தித்தாள் விரித்து, குறடு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மத்தையும் பக்கத்தில் வைத்தேன். ரோஸ்விதா உருளைக்கிழங்கு சாலட்டுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

முதல் ஆணி எளிதாக வந்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதின் தலை உடைந்தது, ஆனாலும் வந்துவிட்டது.

நான்காவதில் குறடை வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

"நாலாவதையும் எடுங்க. இல்லேன்னா மூணையும் திருப்பி அடிங்க. பூண் ஆடுது பாருங்க."

ஆடத்தான் செய்தது. ஒற்றை ஆணியைப் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் திரும்பியது. ஓரத்தில் ஒரு மயிரிழை இடைவெளி. அந்த இடைவெளியில் விளக்கைப் பிடித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. விளக்கை எடுக்கவில்லை.

"பொருந்துச்சுன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டாள்.

"தெரியலை."

"பொருந்தலேன்னா?"

"அதுவும் தெரியலை."

"அப்ப ஆணியை எடுத்து என்ன ஆகப் போகுது?" என்று சொல்லிவிட்டு வெங்காயத்தைக் கிண்ணத்தில் தள்ளினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்தான்.

தடி மறுபடி கொக்கிகளில் ஏறிவிட்டது. பூணில் ஒரே ஓர் ஆணி. கதவை வேகமாகச் சாத்தினால் டிங் என்று ஒரு சத்தம் வருகிறது. முன்பு இல்லை.

10

நேற்று கைர் அம்மாள் கூப்பிட்டார்.

"ஐயா, திங்கட்கிழமை அச்சுக்குப் போகுது. மூணு பக்கம் கேட்டேன். ஒன்பது அனுப்பியிருக்கீங்க. முடிவைக் காணோம். ஏதாவது பக்கம் விட்டுப்போச்சா?"

"இல்லம்மா. அவ்வளவுதான்."

"அப்ப முதல் மரம் யாருதுன்னு போடுறது? அட்டையில உங்க வீட்டுப் படத்தை வேற போட்டாச்சே."

"படம் இருக்கட்டும். வீடு எங்க வீடுதான். அதுல சந்தேகம் இல்ல."

"சிபில்லா அம்மாகிட்ட காட்டினீங்களா?"

"மலர்ல படிப்பா."

"தலைப்பை மட்டும் நான் மாத்தட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன்.

ஆகவே இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது டிசம்பர் முதல் வாரம். ஸ்தேவான் திருநாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும். இந்த வரியை எழுதும் எனக்கு முடிவு தெரியாது. படிக்கும் உங்களுக்கும் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. எங்கள் மூவரில் யாரும் மற்றவரைவிட முன்னால் இல்லை என்பதில் எனக்கு ஒருவித ஆறுதல்.

நான்காவது ஆணியைப் பற்றி இனி எழுத மாட்டேன். அது அப்பா அடித்தது. மரம் நான் தேர்ந்தெடுப்பது. போன வாரமே காட்டுக்குப் போய் ஒன்றைப் பார்த்து, சிவப்பு நாடா கட்டிவிட்டு வந்தேன். பனி இல்லை. சேறுதான், கணுக்கால் வரை. ரோஸ்விதாவும் வந்தாள், தனியாகப் போகவில்லை. வரும் தலைமுறையில் யாராவது இதைப் பற்றி எழுதினால் இந்த விவரங்களையாவது சரியாகப் போடட்டும்.

உச்சியில் ஐந்து கிளை, ஒரே கணுவிலிருந்து, ஒழுங்காக. நல்ல மத்து வரும் என்றாள் ரோஸ்விதா.

இருபத்தாறாம் தேதி காலை பதினொரு மணிக்கு வாருங்கள். வழக்கம்போல முதலில் எங்கள் வீடு. எல்லோரும் வந்தபிறகு கூட்டத்தின் கடைசியில் பாருங்கள், படிக்குக் கீழே சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒருத்தி நிற்பாள். அவளுக்கு வழி விடுங்கள். பிறகு மரத்தின் மேலே பாருங்கள். அங்கே இருப்பதோ இல்லாததோதான் இந்தக் கதையின் கடைசி வரி. ஊருக்கு வர முடியாத வாசகர்கள் தங்களுக்குத் தோன்றியபடி நிறுத்திக்கொள்ளலாம், நான் வந்து அளக்கப் போவதில்லை.

அளவு என்றதும் ஒன்று. கூடத்தின் உயரத்தை இன்று காலை எடுத்தேன். தரையிலிருந்து உத்தரம் வரை இரண்டு மீட்டர் முப்பத்தொன்று. நாடா கட்டிய மரம், உச்சி வரை, இரண்டு மீட்டர் பன்னிரண்டு.

தலையோடு நிறுத்தினாலும் பத்தொன்பது சென்டிமீட்டர் மிச்சம் இருக்கிறது.